வெள்ளை போர்டு வரும் வரை

எங்கள் வீட்டில் எந்தச் செலவும் எல்.ஐ.சி. டைரியில் ஏறாமல் தப்பித்ததில்லை. அப்பா கோவில்பட்டியில் முப்பத்தைந்து வருஷம் எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருந்தவர். டைரி வருஷா வருஷம் இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததைச் சும்மா போட்டுவைக்க மனசு வராமல்தான் மனுஷன் கணக்கு எழுதவே ஆரம்பித்தார் என்பது அம்மாவின் கட்சி. 1984-இல் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப்போன கணக்குகூட இன்னும் பரணில் இருக்கிறது. அதில் ஒரு வரி: 'கரும்புச்சாறு (பையனுக்கு மட்டும்) 0.75.' அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நாக்கு வறண்டு நின்றவர் என் அப்பா.

அந்தப் பயணத்தில் நான்கு இடம் பார்த்தோம். செத்த காலேஜ், உயிர் காலேஜ், எல்.ஐ.சி., கடல். முதல் இரண்டும் காலேஜ் இல்லை என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். எழும்பூர் மியூசியத்துக்கும், மூர் மார்க்கெட் பக்கம் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலைக்கும் ஜனங்கள் வைத்த பெயர் அவை. செத்த பிராணிகளைப் பாடம் பண்ணி வைத்திருந்ததால் 'காலேஜ்' என்றார்களோ என்னவோ. மறு வருஷமே மூர் மார்க்கெட் எரிந்துபோனது, உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. எல்.ஐ.சி. மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்.ஐ.சி. பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மவுண்ட் ரோட்டில் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு அண்ணாந்து மாடிகளை எண்ண வேண்டும். பதினாலு. 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அப்பா பின்னால் நின்று என் மோவாயைப் பிடித்து, ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கி போடுகிற மாதிரி மேலே தூக்கினார். பதினாலு வந்ததும், "நம்ம ஆபீஸு" என்றார். டைரியில் இதற்கு எதிரே பூஜ்யம் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறார்.

போன காலாண்டு லீவுக்கு, பிள்ளைகளுக்கு மெட்ராஸைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் இறங்கி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏறிவிட வேண்டும். ரயில் டிக்கெட் போக ஐயாயிரம் ரூபாய். டைரியில் எழுதிக் காட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "இது ஒரு ஆளுக்கா?" என்று கேட்டாள். புறப்படும்போது அப்பா திண்ணையிலிருந்தே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "எல்.ஐ.சி.யை மறக்காம காட்டிரு."

நெல்லை எக்ஸ்பிரஸிலேயே சிக்கனத்தின் முதல் சோதனை வந்தது. ரயிலில் ஐந்து வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழுக்காசு. பெரியவளுக்கு ஒன்பது வயசு, முழுக்காசு கொடுத்துவிட்டேன். சின்னவனுக்கு நான்கு வயசு பத்து மாசம். இந்தப் பயணத்தை இந்த வருஷமே வைத்துக்கொண்டதற்கு அந்த இரண்டு மாசம்தான் காரணம் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

டி.டி.இ. வந்தார். சின்னவனைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த சீட்டுக்குத் திரும்பியவரை இவனாகத்தான் கூப்பிட்டான்.

"சார், எனக்கு ஆறு வயசு."

அவனுடைய யு.கே.ஜி. சிநேகிதன் ஒருவனுக்கு ஆறு முடிந்துவிட்டதாம். அந்த மானப் பிரச்சினை சாத்தூர் தாண்டியும் அவனை விடவில்லை.

"ஆறா? அப்ப டிக்கெட் எங்க தம்பி?"

"அப்பா எடுக்கலை."

பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஜெராக்ஸை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். பதற்றத்தில் மருந்துச்சீட்டு வந்தது. டி.டி.இ. சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் எதிர் சீட்டுப் பாட்டி எழும்பூர் வரைக்கும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அரை டிக்கெட்டின் பாரம் இருந்தது. ராத்திரி அவன் என் பெர்த்தில் குறுக்குவாட்டில் படுத்துவிட்டான். விழுப்புரம் வரை நான் கால்மாட்டில் உட்கார்ந்தே வந்தேன். டிக்கெட் இல்லாமல் வந்தவன் நான்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

எழும்பூரில் இறங்கினால் மியூசியம் நடக்கிற தூரம்தான். மூட்டை முடிச்சுகளை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, பல் தேய்த்து, கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டு, பாந்தியன் சாலைக்கு நடந்துவிட வேண்டியது. திட்டத்தில் ஒரு ஓட்டை கிடையாது. க்ளோக் ரூமில் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள் என்பதைத் தவிர. ஆக, ஐயாயிரத்தில் முதலில் வாய்வைத்தது ஒரு பூட்டு. ரூபாய் எண்பது.

மியூசியம் 1851-லிருந்து இருக்கிறது. நாங்கள் போன அன்றைக்கு மூடியிருந்தது. "வெள்ளிக்கிழமை லீவு சார்" என்றார் வாசலில் இருந்தவர். "வெள்ளிக்கிழமை நல்ல நாளாச்சேங்க" என்றாள் மனைவி, அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. சரி, கோட்டை மியூசியத்துக்குப் போகலாம் என்று போனில் தட்டிப் பார்த்தேன். அதற்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. வண்டலூருக்கும் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய், கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். நவக்கிரகத்துக்குக் கிழமை பிரித்த மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐயாயிரத்தை அணா பைசாவாகப் பிரித்தவன் கிழமையைப் பார்க்கவில்லை. சின்னவன் வாசல் கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, "செத்த காலேஜ் செத்துப் போச்சாப்பா?" என்று கேட்டான்.

கிண்டிக்குப் போனோம். பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில். நன்றாகத்தான் இருந்தது. வெளிமானைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவிதான் ஞாபகப்படுத்தினாள், இந்த மான் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் மலை பூராவும் மேய்கிறது என்று. அதற்காகவே சரணாலயம் வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஒரு நாளும் போனதில்லை. சொந்த ஊர் மானைப் பார்க்க ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்திருக்கிறோம். வண்டலூர் அன்றைக்கே திட்டத்திலிருந்து கழன்றது. அறுநூறு ஹெக்டேர் என்று படித்துக் காட்டினேன். "இவனை யாரு தூக்குறது?" என்றாள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

தங்கும் செலவுக்கு வருகிறேன். என் திட்டத்தின் மகுடம் அதுதான். மனைவியின் பெரியம்மா வீடு வேளச்சேரியில். எழும்பூர்ப் பக்கம் லாட்ஜ் என்றால் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு, இரண்டு ராத்திரிக்கு இரண்டாயிரத்து நானூறு. பெரியம்மா வீட்டுக்கு எதிரே டைரியில் பூஜ்யம் போட்டு, அப்பா மாதிரியே அடியில் கோடும் இழுத்திருந்தேன்.

சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போக முடியுமா? ஊரிலிருந்து கடலை மிட்டாய் ஒரு கிலோ கொண்டுபோயிருந்தேன். கோவில்பட்டிக்காரனுக்கு அது கைகொடுக்காத இடமே இல்லை. "கடலை மிட்டாய மட்டும் எப்படிங்க நீட்டுறது? அவங்க என்ன ரெண்டாப்புப் பிள்ளைகளா?" என்றாள் மனைவி. ஆப்பிள், மாதுளை, அரைக் கிலோ ஸ்வீட், பூ. அங்கே பெரியம்மாவின் மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் ஏழு வயசில் இருக்கிறான் என்பது தெருமுனையில்தான் ஞாபகம் வந்தது. அவனுக்கு ரிமோட் கார். மொத்தம் ஆயிரத்து நூற்று இருபது.

"வாங்க மாப்ள, எதுக்கு இதெல்லாம்?" என்று வாங்கி உள்ளே வைத்த பெரியம்மா ராத்திரி தோசைக்கல்லின் முன்னால் நின்று இன்னொரு குண்டைப் போட்டார்கள்.

"நாளைக்குச் சுத்திப் பாக்கப் போகையில இவனையும் கூட்டிட்டுப் போங்க மாப்ள. மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவன். ஒண்ணு பாத்ததில்ல பாவம்."

அந்தப் பாவம் மறுநாள் எங்களோடு கிளம்பியது. மியூசியத்தையும் கோட்டையையும் பார்க்காதவன்தான். ஆனால் எந்த முக்கில் என்ன விற்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. "சித்தப்பா, இந்தத் திருப்பத்துல பஞ்சுமிட்டாய் வரும் பாருங்க" என்பான். வரும். கமிஷன் ஏஜெண்டாகப் பிழைக்க வேண்டியவன். என் அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு பாலிசி பிடிக்க அனுப்பியிருப்பார்.

சனிக்கிழமை காலை, வெள்ளை போர்டுக்காக நின்றோம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊரிலும் உண்டு என்றாலும், மாநகரத்தில் இது எங்களைப் போன்றவர்களுக்குப் புதையல். மனைவிக்கும் மகளுக்கும் காசில்லை, சின்னவனுக்கு வயசு போதாது. ஆண் வர்க்கத்தின் சார்பில் நானும் பேரனும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். சிக்கல் என்னவென்றால், நாம் நிற்கும் நாளில்தான் வெள்ளை போர்டுக்கு எங்காவது கல்யாணம் வந்துவிடுகிறது. டீலக்ஸ் வந்தது. மறுபடி டீலக்ஸ் வந்தது. ஏ.சி. பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து குளிர்காற்றை எங்கள்மேல் ஊதிவிட்டுப் போனது. "ஏறிரலாம்ங்க" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் நின்றது என் அப்பா.

முக்கால் மணி நேரம். அதற்குள் பிள்ளைகளுக்குக் கரும்புச்சாறு மூன்று, எங்களுக்கு டீ இரண்டு, அழுகையை நிறுத்த ஒரு பாக்கெட் பிஸ்கட், பேரன் சிபாரிசு செய்த கொய்யாப்பழம். வெள்ளை போர்டு வந்தபோது செலவு நூற்றுப் பத்து. பஸ்ஸில் மிச்சம் பிடித்தது அறுபது. கண்டக்டர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க மட்டும் ஏன் காசு குடுக்கீங்க? நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள். பஸ்ஸில் இரண்டு மூன்று ஆண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மியூசியம் அன்றைக்குத் திறந்திருந்தது. திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே சின்னவன் ரொம்ப நேரம் நின்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. 1984-இல் நானும் இப்படித்தான் வாய் பிளந்து நின்றேன்.

"இதோட மீதி எங்கப்பா?"

"மீதி இல்லை. எலும்பு மட்டும்தான்."

"யாரு சாப்பிட்டா?"

முள்ளை இவ்வளவு சுத்தமாகத் துப்பியவர் யார் என்பதுதான் அவனுக்குப் பிரச்சினை. அவன் தட்டில் மீன் முள்ளோடு சதையும் ஒதுங்குகிறது என்று வீட்டில் தினமும் திட்டுவாங்குகிறவன்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தில் உள்ளே போனதும் குளுகுளுவென்று இருந்தது. பிள்ளைகள் மூன்றும் தரையில் கன்னத்தை வைத்துப் படுக்கப் பார்த்தன. திருவாலங்காட்டு நடராஜருக்கு முன்னால் நின்று நான் மட்டும் மெய்ம்மறந்துகொண்டிருந்தேன். திருவெண்காட்டு அர்த்தநாரி பக்கம் போனோம். ஒரு பக்கம் ஒற்றைக் கை, இடுப்பின் வளைவு. மறு பக்கம் இரண்டு கை. வார்த்தவன் கை எப்படிப்பட்ட கை என்று நான் ஆரம்பிப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரே ஆளு பாதி அம்மா, பாதி அப்பா?"

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊர் சுத்தப் போனா ஒரு டிக்கெட் போதும்ல. அதுவும் வெள்ளை போர்டுன்னா அரை டிக்கெட்."

சிற்பக்கலை பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சாயங்காலம் மவுண்ட் ரோடு. எல்.ஐ.சி.க்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பெரியவளைச் சரியான இடத்தில் நிறுத்தினேன். பின்னால் நின்று மோவாயைப் பிடித்தேன். நாற்பது வருஷம் கழித்து ஒரு சடங்கைக் கைமாற்றிவிடும் பரவசம் எனக்கு. "இதா? இதவிட எங்க பக்கத்து அபார்ட்மெண்ட் பெருசு" என்றான் பேரன். அவனை முறைத்துவிட்டு, "நீ எண்ணும்மா" என்றேன். ஒன்று, இரண்டு என்று ஜாக்கியை ஏற்றினேன். நடுவில் ஒரு லாரி மறைத்தது, அது போகும்வரை ஐந்தாவது மாடியிலேயே மோவாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்பது, பத்து, பதினொன்று...

"ஏங்க, வெள்ளை போர்டு!"

காலையில் முக்கால் மணி நேரம் தவம் கிடந்தும் வராதது, கேட்காமலேயே வந்து நின்றது. வேளச்சேரி என்று பலகை. கூட்டமும் இல்லை. "விட்டா அடுத்தது எப்ப வருமோ, ஏறுங்க!" மோவாயை விட்டுவிட்டுச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது எல்.ஐ.சி. மரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடல். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில். பீச்சிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-இலும் வேளச்சேரிக்கு 2007-இலும் வந்த ரயில் அது. பன்னிரண்டு வருஷம் நிதானமாக நடந்து வந்த ரயிலுக்கு நாங்கள் இருபது நிமிஷம் காத்திருந்ததில் தப்பில்லை. இந்தச் சென்னையில் ஐந்து, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஆகப்பெரிய சந்தோஷம் அதுதான் என்பேன். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, மொட்டை மாடித் துணிகளுக்கு மேலாக, யார் வீட்டில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றும் அரண்மனை மாதிரிப் பெரிசு, ஆளரவமே இருக்காது. சேப்பாக்கத்தில் இறங்கிப் படியில் வரும்போது சின்னவன் தும்மினான். தும்மல் கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது. அவ்வளவுதான். பையனுக்குக் கடல் மறந்துபோனது. "ஆறு வயசு!" என்று கத்தினான். ஸ்டேஷனே "வயசு, வயசு" என்று ஒத்துக்கொண்டது. மூன்று பிள்ளைகளும் கால் மணி நேரம் கத்தின. டைரியில் இதற்கு மனசாரப் பூஜ்யம் போட்டேன்.

மெரினாவில் கடலுக்குக் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ரோட்டிலிருந்து அலை வரைக்கும் இருக்கும் மணல்தான் வசூல் பண்ணிவிடுகிறது. இருபது அடிக்கு ஒரு கடை. பலூன் சுடுவது, கையால் சுற்றும் ராட்டினம், குதிரை, மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். மனைவி சின்னவன் கண்ணைப் பொத்திக்கொண்டு நடந்தாள். பேரன் நேர்முக வர்ணனை செய்துகொண்டே வந்ததால் பொத்தியும் பலனில்லை. "வலது பக்கம் குதிரைடா." போகும்போது இருநூற்று எழுபது. திரும்பும் கணக்கு தனி.

'கால் மட்டும்தான் நனைக்கணும்' என்ற ஒப்பந்தத்தின் பேரில் சின்னவனை அலையில் விட்டோம். ஒப்பந்தத்தில் அலை கையெழுத்துப் போடவில்லை. ஒரே புரட்டு. எழுந்து நின்றபோது தலை முதல் கால் வரை மணலில் புரட்டிய பஜ்ஜி மாதிரி இருந்தான். மாற்றுத்துணி வேளச்சேரியில். மணலிலேயே ஒரு கடையில் டவுசரும் 'ஐ லவ் சென்னை' பனியனும் இருநூற்று ஐம்பதுக்கு வாங்கி மாட்டினோம். கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் ஏறி மேலிருந்து ஊரைப் பார்ப்பதாகத் திட்டம். மிச்சமிருந்த நேரத்துக்கும் பணத்துக்கும், தூரத்திலிருந்தே கைநீட்டிக் காட்டிவிட்டேன். கீழேயிருந்து பார்த்தால் டிக்கெட் கிடையாது. அது எங்கள் குடும்ப வழக்கம்.

ராத்திரி ரயிலேறும் முன் பெரியம்மா பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாயைத் திணித்தார்கள். நான் பேரன் கையில் ஐந்நூறு திணித்தேன். ரயிலில் உட்கார்ந்து டைரியை எடுத்தேன். எட்டாயிரத்து நூற்றுச் சொச்சம். லாட்ஜிலேயே தங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனைவி கேட்க வாய் திறந்தாள். நான் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் 'நான் பத்திரமா வச்சிருக்கேன்' என்று வாங்கிய ஆயிரத்தைக் கைமாற்று என்று எழுதியிருந்தேன். பெரியவள் அதற்குப் பக்கத்தில் பேனாவால் 'எப்ப தருவீங்க?' என்று எழுதி வைத்திருந்தது காலையில்தான் தெரிந்தது.

அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பையைக்கூட இறக்கவில்லை.

"எல்.ஐ.சி. பாத்தீங்களா?"

"பாத்தோம் தாத்தா" என்றாள் பெரியவள்.

"எத்தனை மாடி?"

"பதினொண்ணு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

"அதுக்குள்ள வெள்ளை போர்டு வந்திருச்சு தாத்தா."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினார், டைரியைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பூட்டில் கொஞ்ச நேரம் நின்றார், ரிமோட் காரில் இன்னும் கொஞ்ச நேரம். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கூட்டல் தொகைக்குக் கீழே தம் கையெழுத்தில் எழுதினார்:

'பாக்கி: 3 மாடி.'